உமிழ்நீர் தரும் சான்று: வாய்நலமும் உடல்நலமும் இணைந்த ஆய்வு வரலாறு

முன்னுரை

மனித வாயில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் 99 விழுக்காடு வெறும் நீர். எஞ்சிய சிறு பகுதியில் பைகார்பனேட், கால்சியம், பாஸ்பேட், நொதிகள், எதிர்ப்புப் புரதங்கள், இயக்குநீர்கள், நுண்ணுயிரிகள் எனப் பலவும் கலந்திருக்கின்றன. இந்த நீரைச் சோதித்துப் பல்லின் நிலையை அறியும் முயற்சி நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. அதன் வழியாக உடல் முழுவதன் நிலையையும் அறிய முடியுமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. வாயும் உடலும் பிணைந்தவை என்ற கருத்து இந்த நெடிய காலத்தில் ஒருமுறை அளவுக்கு மீறி நம்பப்பட்டது. பிறகு அடியோடு ஒதுக்கப்பட்டது. இன்று அளவீட்டின் துணையோடு திரும்பியிருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை வரிசைப்படுத்தி, உமிழ்நீர்ச் சோதனையின் உண்மையான இடத்தை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பெர்லினில் தொடக்கம்

பல் சொத்தைக்கான அறிவியல் விளக்கம் உமிழ்நீரைக் கொண்டே பிறந்தது. அமெரிக்கரான வில்லோபி டேட்டன் மில்லர் பெர்லினில் பணியாற்றிய பல் மருத்துவர். ராபர்ட் காக்கின் நுண்ணுயிரியல் முறைகளை அங்கே கற்றவர். பிடுங்கப்பட்ட பற்களை உமிழ்நீரும் ரொட்டியும் கலந்த கலவையில் ஊறவைத்தபோது பல்லின் கனிமம் கரைந்தது. மாவுப்பொருளுக்குப் பதிலாகக் கொழுப்பை இட்டபோது கரையவில்லை. உமிழ்நீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தியபோதும் கரையவில்லை. உமிழ்நீரில் வாழும் உயிரிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லை அரிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1890-இல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய நூல் இதை விரிவாக நிறுவியது.

அடுத்த ஆண்டு மில்லர் இன்னொரு கருத்தை முன்வைத்தார்: வாயில் குடியிருக்கும் கிருமிகள் உடலின் பிற உறுப்புகளிலும் நோயை உண்டாக்கக்கூடும். முதல் கருத்துக்கு அவரிடம் சோதனைச் சான்று இருந்தது. இரண்டாவது கருத்து பெரும்பாலும் நோயாளர் விவரங்களின் அடிப்படையிலான ஊகம். பின்வந்தோர் இந்த வேறுபாட்டை மறந்ததன் விலையை நோயாளிகள் கொடுத்தார்கள்.

பற்கள் பிடுங்கப்பட்ட காலம்

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், வாயில் தங்கும் சீழே பல நோய்களுக்கு மூலம் என்று 1900-இல் எழுதினார். 1910-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், சீழ்பிடித்த வேர்களின் மேல் தங்க உறைகளையும் பாலங்களையும் பொருத்தும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். சிகாகோவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் இதையே 'குவியத் தொற்று' என்ற கொள்கையாக வளர்த்தார். மூட்டுவாதம், இதய நோய், சிறுநீரக நோய், மனநோய் வரை பலவற்றுக்கும் காரணம் பல்வேரிலும் தொண்டைச் சதையிலும் தேடப்பட்டது.

விளைவு, அடுத்த இருபது ஆண்டுகளில் நலமான பற்கள்கூடப் பிடுங்கப்பட்டன. வேர்ச் சிகிச்சை செய்த பல் எதுவாயினும் சந்தேகத்துக்கு உள்ளானது. இதற்குத் தடைபோட்டது எண்ணிக்கையே. முன்பு இக்கொள்கையை ஆதரித்த ரஸ்ஸல் சீசில், முர்ரே ஆன்ஜவைனுடன் சேர்ந்து 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து 1938-இல் முடிவை வெளியிட்டார். பல்லையும் தொண்டைச் சதையையும் அகற்றியதால் பெரும்பாலோருக்குப் பயன் இல்லை. 1940-இல் வெளிவந்த மற்றொரு திறனாய்வும் இதையே உறுதிசெய்தது. அதன்பின் வாய்க்கும் உடலுக்குமான தொடர்பைப் பற்றிப் பேசவே மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் தயங்கியது.

அளக்கத் தொடங்கிய பல் மருத்துவம்

இதே காலத்தில் பல் மருத்துவம் அமைதியாக வேறு வழியில் முன்னேறியது. 1940-இல் மார்ஷல் ஸ்னைடர் எளிய நிறச்சோதனை ஒன்றை அறிமுகப்படுத்தினார். நோயாளியின் உமிழ்நீரைக் குளுக்கோஸும் பச்சைநிறக் காட்டியும் கலந்த ஊடகத்தில் இட்டு வைப்பார்கள். கிருமிகள் அமிலம் உண்டாக்கினால் நிறம் மஞ்சளாகும். 24 மணி நேரத்தில் மஞ்சளானால் சொத்தைக்கான வாய்ப்பு மிகுதி. 72 மணி நேரம் ஆனால் குறைவு. ராபர்ட் ஸ்டீஃபன் பற்படலத்தின் பி.எச். அளவையே நுண் மின்முனையால் அளந்தார். குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களில் அந்த அளவு சரிந்தது. பிறகு மெல்ல மீண்டது. அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். அந்த அளவை மீட்டெடுப்பதில் பெரும்பங்கு உமிழ்நீரிலுள்ள பைகார்பனேட்டுக்கு உண்டு.

இதன் தொடர்ச்சியாக ஓட்ட வேகம், அமிலத்தைத் தாங்கும் திறன், கிருமிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் உமிழ்நீர்ச் சோதனையின் அடிப்படை அளவுகளாயின. தூண்டுதல் இல்லாத நிலையில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சுரந்தால் அது நோய்க்குறி. இந்த வறட்சிக்குக் காரணம் வாய்க்கு வெளியேயும் இருக்கலாம்: மன அழுத்தத்துக்கான மாத்திரைகள், தலை கழுத்துப் பகுதிக் கதிர்வீச்சு, தன்னெதிர்ப்பு நோய்கள். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன், கண் வறட்சியும் வாய் வறட்சியும் மூட்டுவாதமும் சேர்ந்து வருவதை 1933-லேயே விவரித்திருந்தார். வறண்ட வாய் உடல் நோயின் அறிகுறியாகலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அன்று இல்லை.

கிருமி எண்ணிக்கைச் சோதனைகளின் வரம்பும் காலப்போக்கில் தெரிந்தது. ஒருவருக்கு இனிச் சொத்தை வருமா என்பதை, ஏற்கெனவே அவருக்கு வந்த சொத்தைகளே உமிழ்நீரிலுள்ள கிருமிக் கணக்கைவிட நன்றாகக் காட்டுகின்றன.

மீண்டும் எழுந்த கேள்வி

1989-இல் ஃபின்லாந்தின் கிம்மோ மட்டிலாவும் குழுவினரும், மாரடைப்புக்கு உள்ளான 100 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டு, அவர்களுடைய பல்நலம் மோசமாக இருந்ததைக் காட்டினர். 1993-இல் நார்வேயில் பிறந்த ஆய்வாளர் ஹாரல்ட் லோ, ஈறுநோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று குறிப்பிட்டார். சர்க்கரை மிகுந்தால் ஈறின் எதிர்ப்பாற்றல் குறைகிறது. ஈறின் நாள்பட்ட அழற்சியில் உருவாகும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. இவ்வாறு இரு வழியிலும் பாதிப்பு நிகழ்கிறது.

இம்முறை ஆய்வாளர்கள் பிடுங்கு கருவியை எடுக்கவில்லை. ஒப்பீட்டுச் சோதனைகளை நடத்தினர். அவற்றின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கருவுற்ற பெண்களுக்கு ஈறுச் சிகிச்சை அளித்தும் குறைப்பிரசவம் குறையவில்லை என்று 2006-இல் ஒரு பெரிய அமெரிக்கச் சோதனை காட்டியது. ஈறுநோய்க்கும் ரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் அறிவித்தது. சர்க்கரை நோயில் நிலை வேறு. ஈறுச் சிகிச்சைக்குப்பின் மூன்று நான்கு மாதங்களில் மூன்றுமாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) ஏறத்தாழ 0.43 புள்ளி குறைகிறது என 2022-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கணித்தது.

உமிழ்நீரின் புதிய பணிகள்

உமிழ்நீர் இதற்கிடையே பல் மருத்துவமனையைத் தாண்டிச் சென்றது. 1980-களில் கார்டிஃப் ஆய்வாளர்கள், ஸ்டீராய்டு இயக்குநீர்களை அதில் அளக்கும் முறையை முறைப்படுத்தினர். இரவில் எடுத்த உமிழ்நீரிலுள்ள கார்டிசால் அளவு, அந்த இயக்குநீர் மிகுவதால் வரும் குஷிங் நோய்க்கான முதல்நிலைச் சோதனைகளுள் ஒன்றாக 2008 முதல் பரிந்துரைக்கப்படுகிறது. ஈறோரம் துடைத்தெடுத்த நீரில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருளை இருபது நிமிடத்தில் கண்டறியும் சோதனைக்கு அமெரிக்கா 2004-இல் ஒப்புதல் அளித்தது. 2012-இல் அது வீட்டுச் சோதனையாகவும் ஆனது. உமிழ்நீரில் 1,166 புரதங்கள் இருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பட்டியலிட்டனர். கொரோனாக் காலத்தில், 2020-இல், உமிழ்நீர் வழிச் சோதனைகள் அவசர ஒப்புதல் பெற்றன.

இந்தப் பட்டியலில் இல்லாதவையும் முக்கியம். உமிழ்நீரின் சர்க்கரை அளவு ரத்தப் பரிசோதனைக்கு மாற்றாக ஏற்கப்படவில்லை. வாய்ப்புற்றுநோயின் தடயங்களை உமிழ்நீரின் ஆர்.என்.ஏ.வில் காணலாம் என்று லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுக்குழு 2004-இல் காட்டியது நம்பிக்கையூட்டுவது. ஆயினும் நோயை உறுதிசெய்வது இன்றும் சதைத்துணுக்குச் சோதனையே.

முடிவுரை

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த தீங்குக்குக் காரணம், வாயும் உடலும் தொடர்புடையவை என்ற எண்ணம் அன்று. தொடர்பைக் கண்டவுடன் அதைக் காரணமாகக் கொண்டு, அளந்து பார்க்காமலே சிகிச்சையில் இறங்கியதுதான். உமிழ்நீர்ச் சோதனையின் மதிப்பும் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்ததே: அதன் முடிவு நோயாளிக்குச் செய்யப்போகும் சிகிச்சையை மாற்றுமா? வாய் வறட்சி, குஷிங் நோய், எச்.ஐ.வி. ஆகியவற்றில் மாற்றுகிறது. அவ்வாறு நிறுவப்படாத சோதனைக்குப் பணம் கேட்டால், சான்றைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறது. இவர்களுடைய ஈறுகளைப் பார்க்காத சர்க்கரை நோய்ச் சிகிச்சை முழுமையானது அன்று. சர்க்கரை நோய் மருத்துவர் ஈறைப் பற்றிக் கேட்கவும், பல் மருத்துவர் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவும் வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, இன்றே தொடங்கலாம்.