தஞ்சை மன்னர் வாங்காத கார்

சொல்லிச் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களில் புகழ்பெற்றது இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கரின் டூசன்பெர்க். 1930-களில் அமெரிக்க சேஸிஸுக்கு லண்டனின் கர்னி நட்டிங் நிறுவனம் பாடி கட்டியது. ஆரஞ்சும் கறுப்பும் நிறம், இரண்டே இருக்கை.

தஞ்சை மன்னர் ஏன் இப்படி ஒன்று செய்துகொள்ளவில்லை? அப்போது மன்னரே இல்லை! 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, கிழக்கிந்தியக் கம்பெனி அரசைப் பறித்துக்கொண்டது. கார்ல் பென்ஸ் தன் காருக்குக் காப்புரிமை கேட்டதே 1886-ல்தான்.

ஆனால் பாடி கட்டும் வேலை டெல்டாவுக்குப் புதிதல்ல. திருவாரூர் ஆழித்தேரில் சிற்பங்கள் நிறைந்த மர அடிப்பாகம் நிலையானது. அதன்மேல் மூங்கிலாலும் துணியாலும் விழாவுக்கு விழா புதிதாகக் கட்டுவார்கள். ஹைட்ராலிக் பிரேக் திருச்சி பெல் நிறுவனத்தின் கைவண்ணம்.

மகாராஜா காரில் இருவர் போகலாம். மன்னர் போன பின்னும், ஊரே வடம் பிடிக்க ஆழித்தேர் ஓடுகிறது.