டேண்டிலையன்: பெயர் வரலாறு

ஐரோப்பியப் புல்வெளிகளிலும் நடைபாதை இடுக்குகளிலும் தானாக முளைக்கும் மஞ்சள் பூச் செடி. தாவரவியல் பெயர் டராக்சகம் அஃபிசினேல். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆங்கிலப் பெயரைக் கேட்டால் பூவின் நினைவு வரலாம். ஆனால் அது இலையைப் பார்த்து வைத்த பெயர். இலையின் ஓரம் ரம்பம்போல் வெட்டுப்பட்டு, கூரிய பற்களாக நிற்கும். அதைச் சிங்கப்பல்லாகக் கண்டவர்கள் இடைக்கால லத்தீனில் 'டென்ஸ் லியோனிஸ்' என்றார்கள். பிரெஞ்சில் அது 'டான் டெ லியோன்' ஆயிற்று; ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து டேண்டிலையன் ஆனது. ஜெர்மானியரின் 'லோவன்ட்சான்', ஸ்பானியரின் 'டியென்டே டி லியோன்' இரண்டுக்கும் பொருள் அதே சிங்கப்பல்தான். தாவரவியலாளர் லின்னேயசும் 1753இல் இதை 'லியோன்டோடான்' பேரினத்தில் சேர்த்தார். கிரேக்கத்தில் அதுவும் சிங்கப்பல்லே.

வேடிக்கை என்னவென்றால், பெயரைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்களே பிற்பாடு அதைக் கைவிட்டார்கள். இன்று அவர்கள் பரவலாகச் சொல்வது 'பிசான்லி', அதாவது படுக்கையில் சிறுநீர் கழிக்க வைப்பது! செடிக்குச் சிறுநீர் பெருக்கும் குணம் உண்டென்ற நம்பிக்கையில் பிறந்த பெயர். ஆங்கில நாட்டுப்புறத்திலும் இதே பொருளில் 'பிஸ்-எ-பெட்' என்ற வழக்கு இருந்தது. இந்தப் பெயரோடேயே பிரான்சில் அதன் இளம் இலை சாலட்டாக மேசைக்கு வருகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை.

பூ முதிர்ந்தால் வெண்பஞ்சு உருண்டை. எத்தனை ஊதலில் விதைகள் முழுதும் பறக்கின்றனவோ அதுவே மணி என்பது பிரிட்டன் குழந்தைகளின் கணக்கு. அதனால் அந்த உருண்டைக்கு 'டேண்டிலையன் கடிகாரம்' என்று தனிப்பெயர்.