பூங்கா போன கதை

எதிரணியில் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "சதுர அடி ஆயிரக்கணக்கில் விலை போகிற ஊரில், நாலு பேர் உட்கார்ந்து கடலை கொறிக்கிறதுக்கு இத்தனை ஏக்கரா?" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. தட்டுங்க, தப்பில்லே. ஆனா அதுக்கு நான் ஒரு கதை சொல்லணும். கட்டுக்கதை இல்லைங்க, சரித்திரம்.

நான் விளாத்திகுளம் பக்கம் புதூர்க்காரன். கரிசல் காடு. கோடையில ஆட்டுக்கால் மாட்டிக்கிற அளவுக்கு நிலம் வெடிச்சுக் கிடக்கும். நான் சின்னப்பிள்ளையா இருக்கையில அங்கே பூங்கா கிடையாது, ஊருணி உண்டு. ஊருக்கே அதுதான் குடிதண்ணி. ஒரு பொடியன் காலை நனைச்சாப் போதும், கரையில இருந்து எங்க அப்பத்தா சத்தம் போடுவா: "எவன்டா அது, ஊருணியில கால வைக்கிறவன்?" அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில வச்சுக்குங்க.

இப்போ சென்னைக்கு வாங்க. 1859-ஆம் ஆண்டு. சர் சார்லஸ் டிரெவெல்யன் ஆளுநராக வருகிறார். கறுப்பர் நகரம் என்று அன்றைக்குச் சொன்ன பகுதியில் ஜனங்கள் சந்து பொந்துகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அவர்கள் மூச்சு விட ஓர் இடம் வேண்டாமா? அவர் காலத்தில் பிறந்ததுதான் 'பீப்பிள்ஸ் பார்க்'. பேரிலேயே ஜனங்க இருக்காங்க பாருங்க! 116 ஏக்கர். உள்ளே 11 குளங்கள். பின்னால் மிருகக்காட்சி சாலையும் அங்கே வந்தது.

அந்தப் பூங்கா இப்போ எங்கே? சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கித் தேடிப் பாருங்க. 1880-களில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட். 1913-இல் மாநகராட்சிக்கு ரிப்பன் மாளிகை. அப்புறம் விளையாட்டு அரங்கம். 1985-இல் மூர் மார்க்கெட் தீயில் போனது. அந்த இடமாவது மரத்துக்குத் திரும்பி வந்ததா? ரயில்வே கட்டடம் வந்தது. அதே ஆண்டு மிருகங்களும் வண்டலூருக்குக் குடி போயாச்சு!

சரி, யார் திருடினாங்க? யாருமே திருடலைங்க! அதுதான் சோகம். நாடகம் பார்க்க மண்டபம் வேண்டாமா? சாமான் வாங்க மார்க்கெட் வேண்டாமா? ஒவ்வொண்ணும் நல்ல காரியம். கல்யாணத்துல ஆளுக்கு ஒரு வெத்தலைதான் எடுத்தாங்க. கடைசியில தட்டைப் பார்த்தா காம்புதான் கிடக்கு.

கிண்டிக் காடும் அப்படித்தான் கரைஞ்சுக்கிட்டு இருந்தது. கல்லூரிக்குக் கொஞ்சம், நினைவு மண்டபங்களுக்குக் கொஞ்சம். 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். மிஞ்சிய சுமார் 270 ஹெக்டேரில் இன்றைக்கும் புள்ளிமான் மேயுது. சட்டம் போட்டது என்ன சத்தம்? எங்க அப்பத்தா போட்ட அதே சத்தம்!

இதனால ஜனங்களுக்கு என்ன லாபம்னு கேக்கலாம். மரம் வேரால் குடிச்ச தண்ணியை இலை வழியா ஆவியாக்கி விடுது. சுத்துப்பட்டுக் காத்து குளிருது. கரிசல் சம்சாரியைக் கேளுங்க, முதல் மழை அந்த வெடிப்பு வழியாத்தான் உள்ளே இறங்கும். சிமெண்டுக்கு ஏதுங்க வாய்? 2015 டிசம்பரில் சென்னையில பெருகிய தண்ணிக்கு, உட்கார வெளியில இடம் பத்தலை. நம்ம வீட்டுக் கூடத்துல வந்து உட்கார்ந்தது. சர்க்கரை வியாதிக்கு டாக்டர் "நடங்க"ங்கிறார். எங்கே நடக்கிறது? லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலயா?

நான் தமிழ் வாத்தியார். ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கிறேன். பூவும் காவும் சேர்ந்தது பூங்கா. 'கா' என்றால் சோலை. அதே ஓரெழுத்து வினையாக நின்றால், 'காப்பாற்று' என்று கட்டளை! சோலையை உண்டாக்கிக் கொடுத்தார்கள். கட்டளையை நாம் மறந்தோம். உங்க ஊர்ல ஒரு மைதானமோ, ஊருணியோ, கண்மாயோ மிச்சம் இருக்கா? நல்ல காரியத்துக்குத்தான்னு சொல்லி யார் வந்து கேட்டாலும், கரையில நின்னு ஒரு சத்தம் போடுங்க: "எவன்டா அது?"