சுண்ணக் குன்றுகளில் பழங்கடல்

தென்கிழக்கு இங்கிலாந்தின் நார்த் டவுன்ஸ், சவுத் டவுன்ஸ், சில்டர்ன் ஆகிய வெண்சுண்ணக் குன்றுகளின் வரலாற்றில் இரண்டு கடல்கள் உண்டு. முதலாவது, அவற்றை உண்டாக்கிய கடல். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, மிதவைப் பாசிகளின் நுண்ணிய சுண்ணத் தட்டுகள் அதன் தரையில் படிந்து பாறையாயின. உலகெங்கும் கடல்மட்டம் ஓங்கியிருந்த காலம் அது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளும் அப்போது கடலுக்கு அடியில்தான் கிடந்தன. அந்தக் கடலைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. பாறை நிலமாக எழுந்த பிறகு கடல் மீண்டும் அதன்மேல் ஏறியதா, ஏறியதென்றால் எந்த உயரம் வரை என்பதே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நீளும் வழக்கு.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதற்கான விடை எளிதாகத் தோன்றியது. நார்த், சவுத் டவுன்ஸுக்கு இடைப்பட்ட வீல்டு நிலப்பகுதியைப் பார்த்து நிற்கும் செங்குத்துச் சரிவுகளைப் பழைய கடலோரப் பாறைச் சுவர்கள் என்றே நிலவியலர் சார்ல்ஸ் லயல் கருதினார். சார்ல்ஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில், கடல் நூறாண்டுக்கு ஓர் அங்குலம் வீதம் அரித்திருந்தால் வீல்டு உருவாக ஏறக்குறைய 30 கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார். எதிர்ப்புகள் வந்தபின் 1861இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தக் கணக்கு நீக்கப்பட்டது. நிலவியலர் வில்லியம் விட்டேக்கர் 1867இல் எழுதிய கட்டுரை, கடல் அரித்தது என்ற கருத்தையே அசைத்தது. கடல் அரித்த சுவரின் அடி ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இச்சரிவுகளின் அடியோ பாறை அடுக்கின் போக்கில் ஏறி இறங்குகிறது. அடியில் கடற்கரைக் கூழாங்கல்லும் இல்லை. ஆகவே இவற்றைச் செதுக்கியவை மழையும் ஆறும்தாம்.

கடல் சரிவை வெட்டவில்லை என்பதால் அது உச்சிக்கு வரவே இல்லை என்றாகிவிடாது. கடல் உச்சிக்கு வந்ததற்கான சான்றை முன்பே எடுத்துக்காட்டியவர் ஜோசப் பிரெஸ்ட்விச் என்ற மது வணிகர். நிலவியல் ஆய்வையும் விடாமல் செய்துவந்தவர். கென்ட் மாவட்டத்து லென்ஹம் ஊருக்கு மேலே, ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்தில் கிடைத்த இரும்பேறிய மணற்கல்லைப் பற்றி 1858இல் எழுதினார். அந்த மணல் தப்பிப் பிழைத்த விதம் விசித்திரமானது. மழைநீர் சுண்ணப் பாறையைக் கரைத்துக் குழாய் போன்ற குழிகளை உண்டாக்க, மேலே கிடந்த மணல் அவற்றுக்குள் சரிந்து இறங்கியது. பிறகு மேற்பரப்பு மணல் முழுக்க அடித்துச் செல்லப்பட்டும் குழிக்குள் இறங்கியது மட்டும் தங்கிவிட்டது. அதிலிருந்த சிப்பிகளும் கரைந்து போயின. கல்லில் மிஞ்சியவை அவற்றின் வெற்று அச்சுகளே. அச்சில் மெழுகை அழுத்தி எடுத்தால்தான் ஓட்டின் வரிகள் தெரியும். இவ்வளவு மெலிந்த சான்று என்பதால் வயது குறித்துச் சச்சரவு எழுந்ததில் வியப்பில்லை. நிலவியலர் கிளெமென்ட் ரீட் 1890இல் இவற்றைப் பிளியோசீன் என்னும் நிலவியல் காலத்தவை என்று பெல்ஜியத்து மணலோடு ஒப்பிட்டு உறுதி செய்தார்; இன்று அதற்கும் முந்தைய மயோசீன் இறுதிக்குத் தள்ளுவோரும் உண்டு.

1920களில் சர்ரே மாவட்டத்து நெட்லி ஹீத்திலும், சில்டர்ன் குன்றுகளின் பின்சரிவில் ரோதாம்ஸ்டெட்டிலும் வேறு கடற்சிப்பித் தடங்கள் கிடைத்தன. இவை லென்ஹம் மணலைவிட இளையவை. இவற்றை வைத்து எஸ். டபிள்யூ. உல்ட்ரிட்ஜும் டி. எல். லின்டனும் 1939இல் ஒரு பெருங்கோட்பாட்டை எழுப்பினர்: ஏறத்தாழ 180 முதல் 210 மீட்டர் வரை ஏறிய கடல் குன்றுகளின் தோளில் ஒரு தட்டையான படியை வெட்டியது, வீல்டின் உயர்ந்த பகுதி மட்டும் தீவாக நின்றது, கடல் பின்வாங்கியபோது அதன் தரையில் புதிதாகப் பிறந்த ஆறுகளே அடிப்பாறையின் மடிப்புகளைப் பொருட்படுத்தாமல் இன்றும் குறுக்கே ஓடுகின்றன. ஆற்றின் போக்கையும் குன்றின் வடிவையும் ஒரே மூச்சில் விளக்கிய அழகே அதைச் சுமார் நாற்பது ஆண்டுகள் பாடநூல்களில் நிலைக்க வைத்தது எனலாம்.

அந்தக் கோட்பாட்டை வீழ்த்தியது உயரக் கணக்கு. இன்றுள்ள பனிப்பாளங்கள் அத்தனையும் உருகினாலும் கடல் 70 மீட்டருக்கு மேல் உயராது. அப்படியிருக்க 180 மீட்டர் உயரத்தில் சிப்பி கிடந்தால், கடல் மேலேறியதைவிட நிலம் மேலெழுந்ததே பெரிய பங்கு. நிலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக எழுவதுமில்லை. நெட்லி ஹீத் தடம் ஏறத்தாழ 180 மீட்டரிலும், அதே காலத்து ரோதாம்ஸ்டெட் தடம் 130 மீட்டரிலும் கிடக்கின்றன. ஒரே உயரத்தில் ஒரே கரை என்ற அடிப்படை அங்கேயே தகர்கிறது. கடற்படிவு என்று எண்ணப்பட்ட மணல் பலவும் பழைய அடுக்குகளின் சிதைவு என்றும் தெரியவந்தது. கடல் வந்தது உண்மை. அது வெட்டியதாகச் சொல்லப்பட்ட படிதான் நிற்கவில்லை.

சவுத் டவுன்ஸின் தென்னோரச் சான்றுகள் இவற்றைவிட வலுவானவை. அவை மிகப் பிற்காலத்தவை. பிரைட்டன் நகரின் பிளாக் ராக்கில் இன்றைய கரைக்குச் சில மீட்டர் மேலே பழைய கூழாங்கற் கரையும், அதன் பின்னே புதைந்த சுண்ணச் சுவரும் வெட்டுமுகத்தில் தெரிகின்றன. நிலவியலர் கிடியன் மான்டெல் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இதை விவரித்தார். இதன் வயது ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டு என்பது இன்றைய கணிப்பு. மேற்கே பாக்ஸ்குரோவில் அதேபோன்ற கரை சுமார் 40 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. வயது ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டு. நிலம் மெல்ல எழுந்துகொண்டே இருப்பதால் மூத்த கரை மேலேயும் இளைய கரை கீழேயும் நிற்கின்றன. பாக்ஸ்குரோவில் கடல் விலகிய பின் கரையின் பின்னிருந்த சுண்ணச் சுவரிலிருந்தே சக்கிமுக்கிக் கல் எடுத்துக் கோடரி செய்த ஆதிமனிதரின் கால் எலும்பு ஒன்று 1993இல் கிடைத்தது.