வாக்குச் சீட்டு மீட்ட பெருமிதம்

அச்சம் அகன்ற நெஞ்சில்தான் நாட்டுப் பற்று செழிக்கும். மலேசிய வரலாற்றின் இரு தேர்தல்கள் இதற்குச் சான்று.

1969 மே 10இல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. மே 13இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. முடக்கப்பட்ட நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. ஆட்சி மாற்றத்தை நாடினால் அமைதி குலையும் என்னும் அச்சம் பலர் மனத்தில் வேரூன்றியது.

2018 மே 9இல் 14ஆவது பொதுத்தேர்தல் நடைபெற்றது. அயல்நாடுகளில் வாழ்ந்தோர் பலருக்கு அஞ்சல் வாக்குச் சீட்டுகள் காலந்தாழ்ந்தே கிடைத்தன. முன்பின் அறியாத பயணிகள் விமான நிலையங்களில் அவற்றைப் பெற்றுத் தாயகம் கொணர்ந்தனர். வாக்காளருள் 82 விழுக்காட்டினர் வாக்களித்தனர். விடுதலை தொட்டு ஆண்ட கூட்டணி முதன்முறையாக நடுவண் ஆட்சியை இழந்தது. மறுநாளே, 92 வயதான துன் மகாதீர், மாமன்னர் முன்னிலையில் பிரதமராகப் பதவியேற்றார். கலவரம் ஏதும் நிகழவில்லை. அதே மாதத்தில் நாட்டுக் கடனைக் குறைக்கத் தொடங்கப்பட்ட 'தாபோங் ஹராப்பான்' நிதிக்குப் பொதுமக்கள் மனமுவந்து வழங்கிய தொகை ஏறத்தாழ 20 கோடி வெள்ளியை எட்டியது. நாட்டைத் தமதெனக் கருதியோரின் கொடை அது.

அவ்வரசு 22 மாதங்களில், 2020 பிப்ரவரியில் கவிழ்ந்தது. நம்பியோர் பலர் வருந்தினர். ஆயினும், வாக்குச் சீட்டால் அமைதியாக ஆட்சியை மாற்ற இயலும் என்று மக்கள் பெற்ற தெளிவு எக்கட்சிக்கும் உரியதன்று. அது நாட்டின் உடைமை. அதைக் காத்து அடுத்த தலைமுறைக்கு அளிப்பது வகுப்பறைகளின் கடமையாகும்.