வாசலுக்குள் இன்னொரு வாசல்

பெரிய காஞ்சிபுரத்தில் கல்வியைப் பற்றிப் பேச எழுந்தால் பச்சையப்பன் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அறிஞர் அண்ணா படித்த பள்ளி அந்தப் பெயரில்தான் இங்கே இருக்கிறது. அதே அறக்கட்டளையின் சென்னைக் கல்லூரி 1920களின் பிற்பகுதி வரை நம்மவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1947இல் காஞ்சியில் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி வந்தபோது அந்தத் தடை விலகியிருந்தது. உள்ளே போன பிறகு எதிர்ப்பட்ட இரண்டாவது தடையைப் பற்றி இன்று பேசலாம்.

1950களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டு, பி.யு.சி. என்னும் ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கொண்டுவந்தது. பட்டப்படிப்புக்குத் தயார் செய்வதுதான் அதன் நோக்கம். காமராசர் காலத்தில் தமிழ்வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகள், குடும்பத்திலேயே முதல் ஆளாக, சேரியிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. முக்கோணம் தெரிந்த பையனுக்கு டிரையாங்கிள் தெரியவில்லை. ஒரே ஆண்டில் மொழியையும் பிடித்து, அந்த மொழியில் பாடத்தையும் பிடித்துத் தேர்வு எழுத வேண்டும். ‘பி.யு.சி. பெயில்’ என்பதே ஒரு படிப்பின் பெயர்போல ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் போடாததுதான் பாக்கி! ஏற்றிவிட வந்த வகுப்பு சல்லடையாகிப் போனது.

1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தமிழில் பட்ட வகுப்பு தொடங்கியது. 1978இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்குப் போக, பி.யு.சி. மறைந்தது. ஆங்கிலத் தாள் மறையவில்லை. முதன்மைப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியும் ஆங்கில அரியரால் பட்டம் கைக்கு வராதவர்கள் நம் தெருக்களில் உண்டு.

பிறகு உதவி வந்தது. பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் (2007–12) பல்கலைக்கழக மானியக் குழு பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களின் ரெமிடியல் வகுப்புகளுக்குப் பணம் தந்தது. நல்ல காரியம்தான். ஆனால் வகுப்பு கல்லூரி நேரத்துக்கு வெளியே. உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், வீட்டில் தறியில் உட்கார வேண்டியவர், ஒரகடத்தில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர் எப்படி நிற்பார்? அறிவிப்புப் பலகையில் சாதிப் பிரிவோடு பெயர் ஒட்டப்பட்டதைப் பார்த்து வராமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

ஐ.ஐ.டி.களில் வேறு முறை. தளர்த்தப்பட்ட கட்-ஆஃபையும் எட்டாத பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஓராண்டு ஆயத்த வகுப்பில் தேறினால்தான் முதலாண்டுக்குள் போகலாம். அதனால் இடம் கிடைத்தவர்கள் உண்டு, மறுக்க மாட்டோம். ஆனால் சக மாணவர்கள் முதலாண்டு படிக்கும்போது இவர்கள் மட்டும் வெளித் திண்ணையில் காத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இந்தத் திண்ணை இருந்தது. அங்கே சமுதாயக் கல்லூரிகளின் ரெமிடியல் வகுப்புகளுக்குக் கறுப்பின, லத்தீன மாணவர்களே அதிகம் அனுப்பப்பட்டார்கள். பட்டக் கணக்கில் சேராத அந்த வகுப்புகளிலேயே காலமும் பணமும் கரைந்து படிப்பை விட்டவர்கள் பலர். 2017இல் கலிபோர்னியா ஏ.பி. 705 என்ற சட்டம் போட்டது: பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேராகப் பட்டப் பாடத்திலேயே உட்கார வை, தேவையானால் கூடவே துணை வகுப்பு நடத்து. அதன்பின் முதலாண்டிலேயே கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேறியவர் தொகை நன்றாகக் கூடியது.

நம் கல்லூரிகளிடம் நாம் கேட்பதும் இதையே. துணை வகுப்பு வேண்டும். கால அட்டவணைக்குள்ளேயே, மதிப்பெண்ணோடு, சாதிப் பட்டியல் ஒட்டாமல், தேவைப்படும் எவரும் வந்து உட்காரும்படி. ஆங்கிலத் தாளில் தோற்றவருக்கு அடுத்த தேர்வுக் கட்டண ரசீதை நீட்டுவதற்கு முன்னால் ஓர் ஆசிரியரைத் தர வேண்டும்.