ஒரு பழைய எஞ்சின் சொல்லும் பாடம்

டிரயம்ஃப் டி.ஆர்.2 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் படத்திலாவது நம்மில் பலர் பார்த்திருப்போம். 1953 மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக் சாலையில் நடந்த சோதனையில் மணிக்கு 124 மைல் வேகத்தைத் தொட்டுப் பெயர் வாங்கிய வண்டி அது. அதன் எஞ்சினுக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது அந்த உறவுதான்.

அந்த எஞ்சின் பந்தயத்துக்காகப் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி தன் வான்கார்ட் என்ற குடும்பக் காருக்காகச் செய்தது. 85 மி.மீ. போர், 92 மி.மீ. ஸ்ட்ரோக், 2088 சி.சி., 68 குதிரைத்திறன். இதே குடும்ப எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரில் வயலையும் உழுதது! போரை 83 மி.மீ. ஆகக் குறைத்து 1991 சி.சி. ஆக்கி, இரண்டு கார்புரேட்டர் பூட்டினார்கள். 90 குதிரைத்திறன் கொடுக்கும் டி.ஆர்.2 எஞ்சின் ஆயிற்று.

இனி சென்னைக்கு வருவோம். 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், ஹெரால்டு, கெஸல் என்று கார்கள் செய்து, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 காரைக் கொண்டுவந்தது. வெளியே ரோவர் எஸ்.டி.1-இன் அழகான பாடி. உள்ளே அதே 1991 சி.சி. பழைய எஞ்சின்! மாருதி வந்துவிட்ட காலம். கனமான, விலை கூடிய வண்டி எடுபடவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. பிரிட்டனில் இந்த எஞ்சினோடு வந்த டி.ஆர். கார்கள் 1967-உடன் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகும் இருபது வருஷம் கழித்து அது நம்ம ஊரில் மூச்சு விட்டது.

"பழசைத் தூக்கி வெச்சுட்டான்" என்று சொன்னவர்கள் உண்டு. ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அந்தப் பழசுதான் பாடப் புத்தகம். இது வெட் லைனர் எஞ்சின். அதாவது பிஸ்டன் ஓடும் லைனர் பிளாக்கோடு சேர்ந்ததல்ல, தனியாகக் கழற்றலாம். அதன் வெளிச்சுவரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பிளாக்கை ரீபோர் செய்ய வேண்டாம், லைனரை மாற்றினால் போதும். ஆனால் அடியில் லைனர் உட்காரும் இடத்தில் 8 என்ற எண் வடிவிலுள்ள பேக்கிங்தான் தண்ணீருக்கும் ஆயிலுக்கும் நடுவே ஒரே காவல்.

காரைக்காலில் படித்தவர்களுக்கு உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் புதிதல்ல. மழையில் விட்ட சைக்கிள் செயின் என்ன ஆகும் என்று தெரியும். அந்த மாதிரி போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் லைனர் உட்காரும் விளிம்பு அரிக்கும். பேக்கிங் இடம் விடும்.

"வண்டி தண்ணி குடிக்குது, வெளியே ஒழுக்கு இல்லை" என்று ஒருவர் வந்தால் என்ன செய்வது? உடனே ஹெட்டைக் கழற்றக் கூடாது. முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்; ஆயில் பால் காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் அதுதான் முதலில் வரும். பிறகு கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைவாக இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். நான்கும் சரியாக இருந்து, ரேடியேட்டரில் குமிழியும் இல்லாமல், சம்பில் தண்ணீர் இருந்தால் அடிப் பேக்கிங்கைச் சந்தேகிக்கலாம். அப்போதுதான் லைனரை வெளியே எடுக்க வேண்டும்.

லைனரை எடுத்ததும் உட்காரும் விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து, புதுப் பேக்கிங் வைத்து மீண்டும் இறக்க வேண்டும். மேல் விளிம்பு பிளாக்கைவிட 3 முதல் 5 தவ் உயர்ந்து நிற்க வேண்டும். அது குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சரியாகப் பிடிக்காது. ஹெட் இல்லாதபோது, லைனர்களைக் கிளாம்ப் போட்டு அழுத்தாமல் கிராங்கைச் சுற்றவே கூடாது. சுற்றினால் பிஸ்டனோடு லைனரும் எழும்பி, போட்ட பேக்கிங் வீணாகும்.

இதற்கு ஸ்கேனர் இல்லை. கண், மூக்கு, கம்ப்ரெஷன் கேஜ், ஃபீலர் கேஜ் இவ்வளவுதான். ஒவ்வொரு சோதனையும் ஒரு காரணத்தைத் தள்ளிக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுவதுதான் நோய். இன்று லேப்டாப்பில் எரர் கோடு படிக்கும் தம்பிகளுக்கும் இதே ஒழுங்குதான் வேண்டும். கோடு இடத்தைத்தான் காட்டும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

தொழிற்சாலை நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த அறிவு இப்போது பெரும்பாலும் வயதான மெக்கானிக்குகளின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போகும். ஆகவே மாணவத் தம்பி தங்கைகளே, இந்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு நாள் உட்காருங்கள். அண்ணன் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மலருக்கு அதையே கட்டுரையாகத் தாருங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.